கல் பட்ட புள்ளியை மூடுங்கள், தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வாகனப் பக்கத்தில், கார் பெயிண்டில் கல் பட்டுத் தெறித்த புள்ளிகளை வீட்டிலேயே சரிசெய்யலாம் என்று ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தீர்கள். வீட்டிலேயே செய்யலாம் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். பல வருடங்களாக என் வண்டிக்கும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் வண்டிகளுக்கும் நானேதான் செய்து வருகிறேன். ஆனால் அதில் சொல்லியிருந்த வழி இருக்கிறதே, நிறம் ஓரளவு ஒத்துப்போகிற நெயில் பாலிஷை வைத்து நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் சமமாகத் தேய்த்துவிடுங்கள், அப்படியும் சரிவராவிட்டால் பானெட்டை முழுசாகப் பெயிண்ட் அடித்துவிடுங்கள் என்பது, மூன்று இடத்திலும் தப்பு. யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு உப்புத்தாளும் கையுமாகக் காரின் முன்னால் போய் நின்றிருப்பாரே என்ற கவலையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் சுருக்குங்கள், தேய்ப்பதைப் பற்றிச் சொல்லும் பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

கல் பட்ட இடத்தில் என்ன உடைந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரிவது உண்மையில் பல பூச்சுகள். கீழே இரும்புத் தகடு, பல கார்களில் அந்தத் தகட்டின் மேலேயே துத்தநாகப் பூச்சு இருக்கும். அதற்கு மேல் பாஸ்பேட் பூச்சு. அப்புறம் பாடி முழுவதையும் தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் செலுத்திப் படிய வைக்கிற ஈ-கோட், அது சுமார் 20 மைக்ரான். அதன் மேல் நிறத்துக்கு அடிப்பூச்சான பிரைமர், பிரைமருக்கு மேல் நிறம் தருகிற பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத கிளியர் கோட். இத்தனையையும் கூட்டினாலும் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரானுக்குள்தான் வரும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும், ஆக இரண்டு முடியின் தடிமனில் இந்தப் பூச்சுகள் அத்தனையும் அடங்கிவிடுகின்றன. அதில் மேலே இருக்கிற கிளியர் கோட்டின் பங்கு 35-லிருந்து 50 மைக்ரான் வரைதான். வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் பளபளப்பு தருவதும் அதுதான். இந்த எண்ணை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

கல் பட்ட எல்லாப் புள்ளியும் ஒரே ஆழம் கிடையாது. வண்டியைக் கழுவிக் காயவிட்டு, நிழலில் நிறுத்தி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளியே தன் கதையைச் சொல்லிவிடும். வெறுமனே வெள்ளையாக நைந்த மாதிரி இருந்தால் கிளியர் கோட் மட்டும் அடிபட்டிருக்கிறது, அதற்கு அவசரமே இல்லை. சாம்பலோ கருப்போ தெரிந்தால் நிறம் போய்ப் பிரைமரோ ஈ-கோட்டோ தெரிகிறது. தகடு இன்னும் மூடியேதான் இருக்கிறது, சில வாரங்கள் பொறுக்கலாம். பளிச்சென்று உலோகம் மின்னினால் அடிவரை போயிருக்கிறது, அதை ஒத்திப்போடக் கூடாது. பழுப்பாக இருந்தால் துரு ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது. புள்ளியைச் சுற்றிப் பெயிண்ட் லேசாக மேலெழும்பி, நகத்தால் தடவினால் மேடு தட்டுகிறது என்றால் துரு உள்ளுக்குள் பரவியிருக்கிறது என்று அர்த்தம். இரும்பு துருப்பிடித்தால் பழைய அளவைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் அது பெயிண்டைக் கீழிருந்து நெம்பித் தூக்குகிறது. தூக்கிய இடைவெளியில் தண்ணீர் புகும், அந்தத் தண்ணீர் இன்னும் துருவைக் கூட்டும். கடுகளவு புள்ளி கையகலம் ஆவது இப்படித்தான். உப்புக் காற்றோ, ரோட்டில் கிடக்கிற உப்போ சேர்ந்துவிட்டால் இன்னும் வேகம்.

அதனால் நான் வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வீட்டில் நாம் செய்ய வேண்டியது தண்ணீரும் காற்றும் தகட்டைத் தொடாதபடி அந்தப் புள்ளியை அடைப்பது. அடைத்த பிறகு ஒரு அடி தூரத்தில் நின்று உற்றுப் பார்த்தால் புள்ளி லேசாகத் தெரியும், ஆறடி தள்ளி நின்றால் தெரியாது. இதை ஏற்றுக்கொள்கிறவர் அரை நாளில் நல்ல வேலை செய்துவிடலாம். கண்ணுக்கே தெரியாமல் மறைத்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்தான் நல்ல பெயிண்டைக் கெடுத்துக்கொள்கிறார்.

சரி, எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். வேலையில் பாதிக்கு மேல் சுத்தம் செய்வதுதான், ஆனால் எல்லோரும் அவசரப்படுவதும் அங்கேதான். கார் ஷாம்பூ போட்டுக் கழுவினால் மட்டும் போதாது. புள்ளிக்குள் பழைய பாலிஷ் வெள்ளையாக அடைந்து கிடக்கும், வேக்ஸ் இருக்கும், ரோட்டுத் தார் இருக்கும், சில பாலிஷ்களில் சிலிக்கோன் இருக்கும். அந்தச் சிலிக்கோனில் துளி மிச்சமிருந்தாலும் புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் நடுவிலிருந்து விலகி, வட்டமாக ஒரு பள்ளம் விழும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சரிபாதி தண்ணீர் கலந்து, பஞ்சு உருளாத மெல்லிய துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், ஒரு முறை துடைத்த துணிப்பக்கத்தை மறுபடி வைக்கக் கூடாது. பெட்ரோலால் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம், அது விட்டுப்போகிற எண்ணெய்ப் பிசுக்கு மறுபுறம். தின்னரும் வேண்டாம். கம்பெனி பெயிண்ட் ஓரளவு தாங்கிக்கொள்ளும், ஏற்கெனவே எங்காவது டச்-அப் செய்த இடமோ மறுபடி அடித்த பாகமோ இருந்தால் இளகிக் கையோடு வந்துவிடும்.

துடைத்த பிறகு, உடைந்த விளிம்பில் தளர்ந்து நிற்கிற பெயிண்ட் சில்லுகளைக் கூரான ஒரு ஊசியாலோ பல்குச்சியாலோ மெல்ல நெம்பி எடுத்துவிட வேண்டும். நிற்கிற சில்லின் மேல் பெயிண்ட் வைத்தால் அடுத்த கழுவலில் சில்லோடு சேர்ந்து புதுப் பெயிண்டும் போய்விடும். துரு இருந்தால் கத்தி நுனியாலோ, கண்ணாடி நாரில் செய்த சுரண்டும் பேனாவாலோ, பழுப்பு நிறம் போய் உலோகம் தெரிகிறவரை புள்ளிக்குள்ளேயே சுரண்ட வேண்டும். புள்ளியைத் தாண்டி ஒரு நூலளவுகூட வெளியே போகக் கூடாது. துரு இல்லாமல் உலோகம் சுத்தமாக மின்னுகிற புள்ளியை மட்டும் சுரண்டவே சுரண்டாதீர்கள். அங்கே துத்தநாகப் பூச்சு மிச்சமிருக்கலாம், அந்தப் பூச்சு தன்னை அரிக்கவிட்டு இரும்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும், அதைச் சுரண்டி எடுத்தால் நாமே துருவுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. குழியின் அடியில் சுரண்டியும் போகாத துரு இருந்தால், துரு மாற்றி என்று விற்கிற திரவத்தைப் பல்குச்சி நுனியில் தொட்டு வைக்கலாம். அதில் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும், டானிக் அமிலம் இருந்தால் துரு கருப்பாக மாறி அடங்குவது கண்ணுக்கே தெரியும். இந்தத் திரவத்துக்குத் துருவில்தான் வேலை, சுத்தமான தகட்டில் வைத்துப் பயனில்லை. எவ்வளவு நேரம் விட வேண்டும், கழுவ வேண்டுமா கூடாதா என்பது டப்பாவுக்கு டப்பா மாறும் என்பதால் அதில் எழுதியிருக்கிறபடியே செய்யுங்கள். அப்புறம் ஈரம் கொஞ்சமும் இல்லாமல் காயவிட வேண்டும். புள்ளிக்குள் தண்ணீர் நிற்பது கண்ணுக்குத் தெரியாது, தலைமுடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் காட்டினால் நல்லது.

இதெல்லாம் இரும்புத் தகட்டுக்கு. முன் பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது, ஆகவே பம்பரில் விழுந்த புள்ளிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அது வெறும் அழகு விஷயம். உரிந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் பிளாஸ்டிக்குக்கென்றே இருக்கிற பிரைமரை முதலில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. சில கார்களில் பானெட் அலுமினியம். அதில் பழுப்புத் துரு வராது, வெள்ளைப் பொடி மாதிரி அரிப்பு வரும், அதுவும் பெயிண்டைத் தூக்கும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும், காந்தத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். பம்பருக்குப் பின்னாலோ முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னாலோ ரேடார் இருக்கிற புதிய கார்களில் அந்த இடத்தில் பெயிண்ட் கெட்டியாக ஏறினால் ரேடார் சரியாகப் பார்க்காமல் போகலாம். பார்க்கிங் சென்சார் முகத்துக்கும் இதே எச்சரிக்கை. அந்த இடங்களைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

பெயிண்ட் வாங்கும்போது "வெள்ளை", "சிவப்பு" என்று கேட்டு வாங்கக் கூடாது. ஒரே கம்பெனியில் ஒரே வருடத்தில் மூன்று நான்கு வெள்ளை இருக்கும். ஒவ்வொரு காருக்கும் கலர் கோடு, அதாவது நிறத்துக்கான குறியீட்டு எண், உண்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரிகிற தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கிற தகட்டில், ஸ்டிக்கரில் எழுத்தும் எண்ணுமாக அச்சிட்டிருக்கும். அந்தக் கோடுக்குக் கலந்த பெயிண்ட் வாங்குங்கள். வாங்கியதும் நேராகப் புள்ளியில் வைக்காமல் ஒரு வெள்ளை அட்டையில் தடவி, காயவிட்டு, காரின் மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தால் ஒரு நிறமுமாக இருக்கும். அப்படிப் பார்த்தாலும் பல வருடம் வெயிலில் நின்ற காருக்கும் புதுப் பெயிண்டுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். மெட்டாலிக் நிறம் என்றால் இன்னும் சிரமம். அதில் இருக்கிற அலுமினியத் துகள்கள் ஸ்ப்ரே கன்னில் அடிக்கும்போது ஒரே வாக்கில் படுக்கும், பிரஷ்ஷால் வைக்கும்போது கண்டபடி நிற்கும். அதனால் ஒரு பக்கம் பார்த்தால் சரியாக இருப்பது இன்னொரு பக்கம் பார்த்தால் கருத்துத் தெரியும். இது செய்கிறவர் கைக்குற்றமே இல்லை, மெட்டாலிக் பெயிண்டின் இயல்பு. பாட்டிலைச் சில நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள், துகள் எல்லாம் அடியில் படிந்திருக்கும், குலுக்காமல் வைத்தால் நிறமே வேறாக இருக்கும். இன்னொரு விஷயம், இன்றைய பேஸ் கோட் காய்ந்தால் மங்கலாகத்தான் இருக்கும். அதன் மேல் கிளியர் கோட் வைத்தால்தான் பளபளப்பும் வரும், ஈரத்தையும் வெயிலையும் தாங்கும். இரண்டு பாட்டில் கொடுக்கிறார்களே என்று ஒன்றை மூலையில் போட்டுவிடாதீர்கள்.

வெயில் நேராக விழாத இடம், தூசி கிளம்பாத நேரம், தொட்டால் சுடாத தகடு, 15-லிருந்து 25 டிகிரி வரை இருந்தால் ரொம்ப நல்லது. மழை ஈரம் கனத்திருக்கிற நாளில் வேண்டாம், கரைப்பான் ஆவியாகிக் காய்கிற லேக்கர் வகைப் பெயிண்டில் ஈரம் பிடித்தால் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். பாட்டில் மூடியோடு வருகிற பிரஷ் நகத்துக்குப் பூசுகிற அளவு அகலம், அதைத் தொடவே வேண்டாம். பல்குச்சியின் நுனியோ ஓவியம் வரைகிற மிக மெல்லிய பிரஷ்ஷோ போதும். உலோகம் தெரிகிற புள்ளியானால் முதலில் பிரைமர் ஒரு பொட்டு, மெல்லிசாக, அடியை மட்டும் மூடுகிற அளவு. அது காய்ந்த பிறகு நிறம். குச்சி நுனியில் ஒரு துளி எடுத்து, புள்ளியின் நடுவில் தொட்டால் போதும், பூசக் கூடாது, இழுக்கக் கூடாது. துளி இறங்கியதும் தானாகவே பரவி உடைந்த விளிம்புவரை போய் நிற்கும். அதைக் கிட்டே வைத்துப் பார்த்தால் அழகாக இருக்கும், விளிம்பைத் தொட்டதும் அப்படியே நின்றுவிடும், நிறைந்து மேடாகப் பளபளவென்று தெரியும். ஆஹா முடிந்தது என்று தோன்றும். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் நடுவில் குழி விழுந்திருக்கும், ஏனென்றால் அந்தத் துளியில் பெரும்பகுதி கரைப்பான், அது ஆவியாகிவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் முதல் தடவையே கொழகொழவென்று அள்ளி வைக்கிறார்கள். மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே காயாமல் கிடக்கும், வாரக் கணக்கில் நகம் பட்டால் அமுங்கும், பிறகு சுருங்கி விளிம்பிலிருந்து விலகும். விலகிய அந்த மயிரிழை இடைவெளியில்தான் மறுபடி தண்ணீர் புகும். மெல்லிசாக ஒரு பொட்டு, ஒரு மணி நேரம் காயவிடுவது, மறுபடி ஒரு பொட்டு, இப்படி மூன்று நான்கு முறை. நிறம் சுற்றியுள்ள மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கட்டும், மீதியைக் கிளியர் கோட் நிரப்பட்டும். வெளியே வழிந்துவிட்டால் ஈரத்திலேயே ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், நஷ்டம் ஒன்றுமில்லை. முடித்த பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள், அந்த இடத்தில் வேக்ஸ் போட ஒரு மாதமாவது பொறுங்கள். அடியில் மிச்சமிருக்கிற கரைப்பான் வெளியேற வழி வேண்டும்.

இப்போது உங்கள் குறிப்பில் வந்த உப்புத்தாள். காய்ந்த பொட்டு சுற்றுமட்டத்தைவிடக் கொஞ்சம் மேடாகவோ பள்ளமாகவோ இருக்கும், அதைச் சமமாக்கத்தானே தேய்க்கச் சொல்கிறீர்கள். பிரச்சினை என்னவென்றால், வீட்டில் விரலுக்கு அடியில் தாளை வைத்துத் தேய்க்கிறவர் பொட்டை மட்டும் தேய்ப்பதில்லை, சுற்றியிருக்கிற நல்ல கிளியர் கோட்டையும் சேர்த்துத்தான் தேய்க்கிறார். அது 35 முதல் 50 மைக்ரான்தான் என்று மேலே சொன்னேன். அதிலும் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற சக்தி தடிமன் குறையக் குறையக் குறைந்துகொண்டே போகும். குறிப்பில் தாளின் எண்ணைக்கூடப் போடவில்லை. வீட்டில் கதவுக்கும் மேஜைக்கும் வாங்கி வைத்த சொரசொரப்பான 120-ஆம் நம்பர் தாளை ஒருவர் எடுத்துத் தேய்த்தால் பத்து இழுப்பில் கிளியர் கோட் முடிந்துவிடும், அதற்கப்புறம் எந்த பாலிஷ் போட்டாலும் அது திரும்பாது, பானெட்டை மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் இயல்பாகவே மெல்லிசு, ஆனால் கல் அதிகம் அடிப்பது பானெட்டின் முன்விளிம்பில்தான். அங்கே தேய்ப்பது இன்னும் ஆபத்து. கடுகளவு மேடு ஒன்றைச் சமமாக்கப்போய்க் கையகலத்துக்கு நல்ல பெயிண்டைத் தொலைத்த வண்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் மனசுக்கு வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் பொட்டு வைத்த அளவில் அவர்கள் நிறுத்தியிருந்தால் வண்டி நன்றாகவே இருந்திருக்கும்.

பழகிய கை செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொட்டு வைத்து ஒரு வாரத்துக்கு மேல் இறுகவிட்டு, 2000 அல்லது அதைவிட மென்மையான 3000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, பென்சில் அடிப்பகுதி அளவுள்ள தட்டையான ஒரு கட்டையில் ஒட்டி, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே மேட்டின் உச்சியை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, மட்டத்துக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, பிறகு ரப்பிங் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை, பாலிஷ் என்று போகிறவர்கள் உண்டு. நன்றாகவும் வரும். அதைச் செய்கிறவர்களில் அனுபவமுள்ளவர்கள் பெயிண்டின் தடிமனை அளக்கிற மீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தேய்க்கிறார்கள். முதல் தடவை செய்கிறவருக்கு, தன் காரின் பானெட் பழகிப் பார்க்கிற இடம் இல்லை.

நெயில் பாலிஷுக்கு வருகிறேன். அதன் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். 1920-களில் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த டுகோ பெயிண்டும் இதே வகைதான், அந்தக் காலத்தில் நாள் கணக்கில் காய்ந்த பழைய பெயிண்டுகளுக்குப் பதிலாகச் சீக்கிரம் காய்கிறது என்று கார்களுக்கு அடித்தார்கள். அப்புறம் ஏன் அதை விட்டுவிட்டு வேறு பெயிண்டுக்குப் போனார்கள்? வெயிலில் மஞ்சள் படிகிறது, மங்குகிறது, நாளாக நாளாக முறுகி வெடிக்கிறது. நெயில் பாலிஷ் விரலில் சில நாள் நிற்பதற்காகச் செய்தது, பானெட்டின் சூட்டில் வருடக் கணக்கில் நிற்பதற்காகச் செய்ததில்லை. வெடித்த பாலிஷுக்கு அடியில் நிற்கிற ஈரம் சும்மா திறந்து கிடக்கிற புள்ளியைவிட மோசம், ஏனென்றால் சீக்கிரம் காயாது, கண்ணுக்கும் தெரியாது. நெடும்பயணத்தில் உலோகம் தெரிய அடிபட்டு, ஊர் திரும்ப ஒரு வாரம் ஆகும் என்றால் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம், அந்த அளவுக்குத்தான் அது. வந்ததும் அதை எடுத்துவிட்டு முறையாகச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, பானெட்டை முழுசாக அடிப்பது. தெரிந்த பையன் ஒருவன் புதுக் காரில் ஆறேழு புள்ளி விழுந்துவிட்டது என்று பட்டறைக்குப் போயிருக்கிறான், அங்கே பார்த்தவர் "தம்பி, இதெல்லாம் பொட்டு வைக்கிற கேஸ் இல்லை, பானெட்டைக் கழட்டி முழுசா அடிச்சிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். அவன் என்னிடம் வந்து "அண்ணே, அடிச்சிரலாமா?" என்று கேட்டான். நான் சொன்னது இதுதான். தொழிற்சாலையில் ஈ-கோட்டை 160-லிருந்து 180 டிகிரி வரை சூட்டில் வேகவைத்து இறுக்குகிறார்கள், மேல்பூச்சை 140 டிகிரி அளவில். வயரும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய முழுக் காரை அந்தச் சூட்டில் யாரும் வைக்க முடியாது, அதனால் பட்டறையில் சுமார் 60 டிகிரியில் காய்கிற வேறு வகைப் பெயிண்டைத்தான் அடிக்கிறார்கள். நல்ல பட்டறையில் அதுவும் நன்றாக உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் பானெட் நிறமும் இரண்டு பக்க மட்கார்டு நிறமும் ஒத்துப்போக வேண்டுமென்றால் மட்கார்டுகளிலும் கொஞ்சம் இறக்கி அடிக்க வேண்டிவரும், ஆறு புள்ளிக்காக மூன்று பாகத்தின் கம்பெனி பெயிண்டைத் தொட வேண்டியிருக்கும். நாளைக்கு விற்கும்போது வாங்க வருகிறவர் மீட்டர் வைத்துப் பார்த்தால் தடிமன் ஏறித் தெரியும், விபத்து வண்டியோ என்று சந்தேகம் வரும். அதற்கு மேல், புதிதாக அடித்த பானெட்டில் அடுத்த மாதமே கல் விழாது என்று யார் உத்தரவாதம் தர முடியும்? பையன் உட்கார்ந்து ஒரு பிற்பகலில் எல்லாப் புள்ளிக்கும் பொட்டு வைத்துவிட்டான்.

பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்கிற சமயங்களும் உண்டு. பெயிண்ட் கொப்பளித்திருந்தால், தகடு நெளிந்திருந்தால், முன்விளிம்பு முழுக்கப் புள்ளி மேல் புள்ளியாகப் பொரிந்திருந்தால் வீட்டு வேலை போதாது. முன் கண்ணாடியைச் சுற்றிய சட்டத்தில் துரு கண்டால் கொஞ்சமும் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கண்ணாடியைப் பசை போட்டுச் சட்டத்தோடு ஒட்டியிருக்கிறார்கள், துரு பசைக்கு அடியில் போய்விட்டால் தண்ணீர் ஒழுகும், கண்ணாடியின் பிடிப்பே தளரும், சரிசெய்யக் கண்ணாடியைக் கழற்ற வேண்டிவரும். துருவுக்கான கம்பெனி உத்தரவாதம் இருக்கிறதே என்று சும்மா இருக்கவும் முடியாது, கல் அடித்து வந்த துரு பொதுவாக அதில் சேராது.

உடம்புக்குச் சம்பந்தப்பட்ட ஒன்றை உங்கள் குறிப்பு சொல்லவே இல்லை. பொட்டு வைக்கிற அளவுப் பெயிண்டுக்குக் காற்றோட்டமான இடமும் கையுறையும் போதும், பக்கத்தில் நெருப்பு, சிகரெட் கூடாது. ஆனால் ஹார்டனர் என்கிற இறுக வைக்கும் திரவம் கலந்து அடிக்கிற இரண்டு பாக கிளியர் கோட் இப்போது ஸ்ப்ரே டப்பாவிலேயே கிடைக்கிறது, பளபளப்பு நன்றாக இருக்கிறது என்று வீட்டில் வாங்கி அடிக்கிறார்கள். அதன் ஹார்டனரில் பொதுவாக ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு திணறும். சாதாரணத் துணி முகமூடியோ தூசி முகமூடியோ அதைத் தடுக்காது. மூடிய கார் ஷெட்டில், பக்கத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு இதை அடிக்கிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும், உங்கள் பத்திரிகை சொன்னால் கேட்பார்கள்.

புள்ளி விழாமலே இருக்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். முழுசாக முடியாது. முன்னால் போகிற லாரிக்கு இடைவெளி விடுவதுதான் இருக்கிறதிலேயே நல்ல வழி. கல் அடிக்கிற வலு வேகத்தின் இருமடியாக ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. ஜல்லி கிடக்கிற ரோட்டில் மெதுவாகப் போனால் வித்தியாசம் பானெட்டில் தெரியும். பிபிஎஃப் என்கிற ஒளி ஊடுருவும் பிலிம், சுமார் 150 முதல் 200 மைக்ரான் தடிமன், முன்விளிம்பில் ஒட்டினால் நன்றாகத் தாங்கும். செராமிக் கோட்டிங் கல்லைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சில மைக்ரான்கூட வராத அந்தப் பூச்சு அழுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே தேய்த்துவிட்ட வாசகர்களுக்கு அதில் இதையும் சேருங்கள்: அப்படியே நிறுத்துங்கள், இன்னும் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று தொடராதீர்கள். தாளிலோ துணியிலோ பால் மாதிரி வெள்ளையாக வந்திருந்தால் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது (வெள்ளைக் கார்க்காரர்கள் மட்டும் இதை நம்ப முடியாது). காரின் நிறமே வந்திருந்தால் அதைத் தாண்டிவிட்டது, பட்டறைதான். வெள்ளையாக வந்தவர்கள் மங்கிய இடத்தைத் தண்ணீரால் நனைத்துப் பாருங்கள். நனைந்திருக்கும்போது மங்கல் மறைந்து நிறம் தெளிவாகத் தெரிந்தால் மென்மையான ரப்பிங் காம்பவுண்டைக் கையால் போட்டாலே பெரும்பாலும் பளபளப்பு திரும்பிவிடும், மெஷின் வேண்டாம். நனைத்தும் திட்டுத் திட்டாக வெளுத்தே தெரிந்தால் எதையும் போடாமல் நல்ல பெயிண்டர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகர் ஒருவர்